பென்சில் கை

டெலிபோன் அலறியது.

காலை ஒன்பது மணி. 1955. திருவொற்றியூர் ‘தாவீது நிலையம்’ என்ற பிள்ளைகள் விடுதி. வார்டன் செல்வநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு ரிசீவரை எடுத்தான்.

“சார், ஆர்பர்லேர்ந்து பேசறேன். கொழும்புக் கப்பல் ஒருநாள் முன்னாடியே வந்துட்டுது. உங்க அமெரிக்கத் துரைசாணி டாக்சி ஏறிட்டாங்க.”

“எங்க போறாங்க?”

“உங்ககிட்டதான் சார். ராஜாத்தியப் பாக்கணுமாம்.”



ராஜாத்தி செத்து இரண்டரை வருஷம் ஆகிறது!

மிசஸ் ஹாலண்ட் ஒஹாயோவில் ஒரு விதவை. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிராமத்து வேதக் கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவள். அந்தக் கோயிலைச் சேர்ந்த சிறுமி ராஜாத்திக்குச் சோறு, துணி, படிப்பு, மருந்து எல்லாம் கடல் தாண்டி அனுப்புகிறவள். பதிலுக்குக் கேட்டது கிறிஸ்துமசுக்கு ஒரு கடிதம். கூடவே ஒரு காகிதத்தில், பிள்ளையின் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்த படம். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க ஆசையாம்.

1952 கிறிஸ்துமசுக்குக் கை போனது. ஜனவரியில் ராஜாத்தி போனாள்.

செத்த பிள்ளைக்கு யார் பணம் அனுப்புவார்கள்? செல்வநாதன் மூச்சு விடவில்லை. கடிதங்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன...

“இருதயம்... இங்க வா.”

சமையற்கட்டிலிருந்து இருதயம்மாள் வந்தாள். ராஜாத்தியைப் பெற்றவள். இங்கேயே சமைத்துப் போடுகிறாள். மிச்சமிருக்கும் ஒரே மகள் ஐரீனும் இங்கேதான் வளர்கிறாள்.

“துரைசாணி வந்துகினு கீறா. ஐரீனுக்கு நல்ல பாவாடை கட்டு. இன்னிலேர்ந்து அவதான் ராஜாத்தி. வயசு பதினொண்ணு.”

“சார்... அவளுக்கு எட்டுதான் ஆவுது.”

“சோறு பத்தாத ஊரு, புள்ளைங்க குள்ளமாதான் வளரும்னு நான் சொல்லிக்கறேன்.”

“செத்தவ பேர உசுரோட கீறவளுக்கு வெக்கச் சொல்றீங்களே சார்.”

“வெக்காட்டி இன்னா ஆவும் தெரியுமா? பம்பாய்க்காரன் ஒருத்தன் வூட்டு வேலைக்குப் புள்ள கேட்டுகினு கீறான். சாயங்கால ரயில்ல ஐரீன ஏத்தி வுட்ருவேன். அப்புறம் நீ இந்த ஜென்மத்துல அவளப் பாக்க முடியாது.”

இருதயம்மாளுக்குத் தெரியும். இவன் செய்வான். செய்யக்கூடியவன்தான்.

ராஜாத்தி காய்ச்சலில் கிடந்தபோது, துரைசாணி அனுப்பிய மருந்துப் பெட்டி இதே அறை பீரோவில்தான் இருந்தது. இருதயம்மாள் இவன் காலில் விழுந்து கேட்டாள். பெட்டி மண்ணடியில் விலை போனது. ராஜாத்தி பின்பக்கச் சவுக்குத் தோப்பில், சிலுவைகூட இல்லாமல் புதைக்கப்பட்டாள்.

வாசலில் ஹாரன் சத்தம்.

நரைத்த தலை, தொப்பி, கையில் தோல்பை. மிசஸ் ஹாலண்ட் இறங்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த டாக்சி டிரைவர், கதவோரம் சாய்ந்து பீடி பற்ற வைத்தான்.

“யோவ், நீ வெளில நில்லு,” என்றான் செல்வநாதன்.

“அம்மா இன்னும் வாடகை குடுக்கல நைனா.”

துரைசாணி முன்னால் வம்பு வேண்டாமென்று செல்வநாதன் விட்டுவிட்டான். ஐரீனை முன்னால் தள்ளினான்.

துரைசாணி இருதயம்மாளைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். செல்வநாதன் மொழிபெயர்த்தான்.

“இவதான் உன் மக ராஜாத்தியான்னு கேக்கறாங்க. பதில் சொல்லு.”

ஐரீனின் கண்கள் அம்மாவையே பார்த்தன. பம்பாய் ரயில்... சாயங்காலம்...

“ஆமா,” என்றாள் இருதயம்மாள். பெற்ற பிள்ளையை அவள் இரண்டாவது தடவை புதைத்தாள். 

துரைசாணி தோல்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். பென்சில் கை. ஐரீனின் கையை மெதுவாகப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

அச்சாகப் பொருந்தியது!

செல்வநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாருங்கள் மேடம், இம்மி பிசகவில்லை. உங்கள் ராஜாத்தியேதான்,” என்றான் இங்கிலீஷில்.

“அப்படியா? பின்பக்கம் நீங்கள் எழுதிய தேதியைப் படியுங்கள்.”

திருப்பினான். அவன் கையெழுத்து. கிறிஸ்துமஸ், 1952.

துரைசாணி இன்னும் இரண்டு காகிதங்களை எடுத்தாள். 1953. 1954. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒரே கை. ஒரே கோடு.

“என் பிள்ளை ஏன் வளரவில்லை, மிஸ்டர் செல்வநாதன்?”

அவனுக்கு வெறி ஏறியது. துரைசாணிக்குத்தான் தமிழ் தெரியாதே! இருதயம்மாள் பக்கம் பாய்ந்தான்.

“ஏண்டி, அவ செத்தப்புறம் வேற புள்ள கைய வரைன்னுதான சொன்னேன்? பழைய கையையே வரஞ்சி குடுத்தியா?”



டிரைவர் பீடியைக் காலால் நசுக்கினான்.

“அது போதும் நைனா. இத உன் வாயால கேக்கத்தான் வாடகை கூட வாங்காம நின்னுகினு இருந்தேன்.”

“நீ யார்ரா?”

“இன்ஸ்பெக்டர் அத்தாவுல்லா. அம்மா எங்களுக்குக் கடுதாசி போட்டு மூணு மாசமாவுது.”

செல்வநாதனுக்கு விலங்கு மாட்டும்போதும் இருதயம்மாள் ஐரீனை விடவில்லை. பம்பாய் ரயில் இனி இல்லை என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. துரைசாணி கேட்ட கேள்வியை இன்ஸ்பெக்டர் தமிழில் சொன்னார்.

“அவங்களுக்கு சேதி சொல்லத்தான் ஒரே கைய வரஞ்சியான்னு கேக்கறாங்கம்மா.”

“அவ்ளோ புத்தி எனக்கு ஏது சார்? ராஜாத்தி கைய வரஞ்ச அன்னிக்கே அத அப்படியே எனக்குன்னு ஒண்ணு படியெடுத்து வெச்சிகினேன். அவ எடத்துல வேற புள்ள கைய வெக்க மனசு வரல. அது மேலயே காயிதத்த வெச்சி பென்சில ஓட்டுனேன். ஓட்டசொல்ல... அவ கையப் புடிச்சிகினு இருந்த மாதிரியே இருந்துச்சி.”

அத்தாவுல்லா அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசாணி இருதயம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூன்று பெண்களும் சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தார்கள்.

வரவழைத்த போலீஸ் ஜீப்பில் ஏறும்போது செல்வநாதன் பல்லைக் கடித்தான்.

“போயும் போயும் ஒரு கைநாட்டுப் பொம்பளையால மாட்டிக்கினேனே.”

அத்தாவுல்லா அவன் தோளைத் தட்டினார்.

“வுடு நைனா. ஊர்ல திருடனுங்கல்லாம் கைரேகையில மாட்டுவானுங்க. ரேகையே இல்லாத கையில மாட்டுன மொத ஆளு நீதான்!”