நடுக்கம் நீக்கித் தரப்படும்

உண்மையான கலைஞனுக்குச் சாவு கிடையாது. அவன் தன் கோட்டில் வாழ்கிறான். காலம் அந்தக் கோட்டின் முன் மண்டியிடுகிறது.

இந்த வாசகம் ஓவியரின் இணையக் கடையில், முகவாயைக் கையில் தாங்கியபடி அவர் தொலைவை வெறிக்கும் படத்துக்குக் கீழே இருந்தது. அதை எழுதியபோது அவர் பென்சிலைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. பிறர் வரைந்து அனுப்பும் படங்களை ஸ்கேன் செய்து, கணினியில் கோட்டைச் சுத்தப்படுத்தி, டி-சர்ட்டில் அச்சடித்துக் கொடுப்பதுதான் தொழில். இதைச் சொன்னால் யார் மதிப்பார்கள்? ஓவியர் என்று போட்டுக்கொண்டார். ஊர் நம்பியதோ இல்லையோ, மனைவி நம்பினாள். நம்பி, பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, சூட்டில் படத்தைத் துணியில் பதிக்கும் ஹீட் பிரஸ் முன்னால் நின்றாள். "எங்க வீட்டுக்காரர் கை வச்சா கோடு பேசும்" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கோடு பேசத்தான் செய்தது.

ஒரு மத்தியான வெயிலில் ஓவியர் படம் வாங்கிவர ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனார். சந்தின் கடைசியில், காரை உதிர்ந்த பழைய வீடு. கதவு திறந்ததும் இருட்டு முதலில் வந்தது. அதன் பின்னால் வலித் தைலத்தின் வாசனை. அதற்கும் பின்னால்தான் அந்த அம்மாள். வெளியே கண் கூசும் வெளிச்சம். உள்ளே, சாத்திய ஜன்னல்களின் இடுக்கில் அது நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. கரக். கொஞ்சம் நிற்கும். மறுபடி, கரக்.

"எலியாம்மா?"

"இல்ல தம்பி. அது அப்பப்ப கேக்கும்" என்றார் அம்மாள், குழாய் சொட்டுவதைச் சொல்வது போல.

மடித்த துணிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டினவரு. வாதம் வந்து வலது கை விழுந்துருச்சு. சும்மா கிடக்க முடியாம இடது கையால எங்க நாயை வரைஞ்சாரு. ஆயுசுல வரைஞ்ச ஒரே படம். வரைஞ்சு முடிச்சாரு, போயிட்டாரு."

நாய் பக்கவாட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தது. முதுகுக் கோடு, குளிரில் வெடவெடப்பது போல் நடுங்கிக்கொண்டே போய் வாலில் முடிந்தது.

"மக வர்றா, அவளுக்கு ஒரு சட்டை வேணும். நடுக்கத்தை மட்டும் எடுத்துடாதீங்க தம்பி. அந்த நடுக்கந்தான் அவரு."

"அம்மா, ஒரு கலைஞனோட வலி இன்னொரு கலைஞனுக்குத் தெரியாதா?" என்றார் ஓவியர், நெஞ்சில் கை வைத்து.

கணினியில் கோட்டை வழவழப்பாக்க ஒரு பொத்தான் உண்டு. எந்தப் படம் வந்தாலும் ஓவியரின் விரல் முதலில் அங்கேதான் போகும். பழக்க தோஷம். அமுக்கினார். நடுக்கம் போய், ஒரே வீச்சில் இழுத்தது போல் நாய் பளிச்சென்று படுத்திருந்தது. பார்க்கப் பார்க்க அதைத் தானே வரைந்ததாக அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. தோன்றியதைச் சந்தேகிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. 'என் கனவில் வந்த நாய்' என்று தலைப்பிட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக் கடையில் ஏற்றிவிட்டார்.

விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று.

மறு வாரம் ஒரு பகலில் மனைவி பிரஸ்ஸைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். நாய் ஏன் நடுங்குது?"

திரையில் கோடு வழவழப்பு. அச்சுத் தாளிலும் வழவழப்பு. துணியில் மட்டும் நடுக்கம்.

"சூடு ஜாஸ்தி வச்சிருப்ப."

வேறு சட்டை போட்டார்கள். நடுங்கியது. மனைவி துணியை முகர்ந்து பார்த்தாள். மை வாசனை இல்லை.

தைலம்.

அப்போது உள்ளறையில் கேட்டது.

கரக்.

"என்னங்க..." மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள். "உள்ள யாரு வரையறா?"

"நான்தான்" என்றார் ஓவியர், வழக்கம்போல.

"நீங்க இங்கல்ல நிக்கிறீங்க."

கரக்.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மேஜையில் யாரும் இல்லை. மவுஸ் சும்மா கிடந்தது. திரையில், நாயின் முதுகு மெல்ல மெல்ல, ஒரு நெல் அளவு, இன்னொரு நெல் அளவு, கோணிக்கொண்டு வந்தது. வால் வரை போனது. நின்றது. பிறகு ஓரத்துக்குப் போய், ஓவியரின் கையெழுத்தை எழுத்தெழுத்தாகத் துடைத்தது.

மனைவி மேஜையோரம் கிடந்த அம்மாளின் தாளை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பயத்தைவிட வேறொன்று அவள் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"இது அந்தம்மா வீட்டுக்காரர் வரைஞ்சதுதானே?"

"ஒரு தூண்டுதல்..."

"தூண்டுதலுக்குக் கையெழுத்தும் போடுவாங்களா?"

நடுங்கும் சட்டையையும் மூலப் படத்தையும் எடுத்துக்கொண்டு இருவருமாகப் போனார்கள். மகள் வந்துவிட்டிருந்தாள். கையில் போன், போனில் ஓவியரின் கடை.

"சார், கனவுல வந்துச்சாமே? எங்க வீட்டு நாய்க்கு உங்க கனவுல என்ன வேலை?"

ஓவியர் தொண்டையைச் செருமினார். "கலையில சில சமயம் ரெண்டு மனசு ஒரே..."

"அப்ப வரைங்க." மகள் ஒரு தாளையும் பென்சிலையும் தள்ளினாள். "கனவுல பாத்ததைத்தானே."

மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் மனைவி மெதுவாக, "வரைங்களேன்" என்றாள். அந்தக் குரலில் இன்னும் துளி நம்பிக்கை மிச்சமிருந்தது. அதை இழக்க அவருக்குத் தைரியம் இல்லை.

பென்சிலை எடுத்தார்.

தைல வாசனை நெருங்கியது. காதோரம் சில்லென்று ஒரு மூச்சு. பின்னால் யாரோ குனிந்து பார்ப்பது கழுத்து மயிருக்குத் தெரிந்தது.

பெரியவரே, ஒரு கை கொடுங்க, என்று ஓவியர் மனசுக்குள் கெஞ்சினார். என் பெண்டாட்டி பாக்கிறா.

காத்திருந்தார்.

யாரும் கை கொடுக்கவில்லை.

அவரே வரைந்தார். முடித்ததும் மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாள்தான், வீடு தேடி வந்தவரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "ஆடு நல்லாருக்கு தம்பி" என்றார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஓவியர் பென்சிலைத் தாளின் மேல் வைத்துவிட்டுக் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

கரக்.

நால்வரும் பார்த்துக்கொண்டே இருக்க, பென்சில் எழுந்தது. நடுங்கி நடுங்கி ஒரு கோடு தாளில் ஊர்ந்து, வரைந்திருந்ததன் குறுக்கே ஒரே ஓர் இடத்தில் போய் அடித்துவிட்டு ஓய்ந்தது. மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க, பாவம்" என்றார் அம்மாள் காற்றைப் பார்த்து.

எதை அடித்திருக்கிறது என்று ஓவியர் குனிந்து எண்ணிப் பார்த்தார். நாய்க்கு ஐந்து கால் போட்டிருந்தார்.