விளாத்திகுளம் ரோட்டில் ஏறியவன்

அப்துல் சுபஹானின் குடை ரிப்பேர் கடைக்கு ரசியா ஓடி வந்தபோது மணி ஒன்று. மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. மண்டிக்காக மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள், போட்டது போட்டபடி கிளம்பி வந்திருந்தாள். பொங்கி வந்த கண்ணீரைத் தோளைத் தூக்கி ரவிக்கையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அவியள நாலு மணி வேன்ல பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டு போறாவளாம். கொலைக் கேசு. போனா உசிரோட திரும்புவாவளா?"

சுபஹான் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் கைவிட்ட வழக்குகளை உட்கார்ந்த இடத்திலேயே அவிழ்ப்பவர் என்று கோவில்பட்டியில் பேர். அந்தப் பேரைப் பரப்பியதில் பாதிப் பங்கு, பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதும் பூவனலிங்கத்துடையது. சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டு அவர் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். அன்றும் இருந்தார்.

லாக்கப்பில் கணவன் ஜாபர் அலி சொன்னதையெல்லாம் ரசியா மூச்சு வாங்கச் சொன்னாள். ஜாபர் வாடகைப் பிளஷர் கார் ஓட்டுபவன். செவ்வாய்க்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ராஜமணியை விளாத்திகுளம் கூட்டிப் போனான். மகள் கல்யாணத்துக்கு அங்கிருந்து நகைப்பெட்டியை எடுத்துவரும் வேலை. திரும்பும்போது, எட்டயபுரத்துக்கு முன்னால் ஒருவன் குறுக்கே நின்று கும்பிட்டான். பத்து நாளாக மிளகாய்க் களத்தில் வேலை, கோவில்பட்டியில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று அழுதான். ராஜமணி இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். அவன் தோளில் கிடந்த பச்சைக் கட்டத் துண்டின் மிளகாய் நெடியில் முதலாளிக்குத் தும்மல் நிற்கவில்லை. அவனோ வழி நெடுக இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைக் கசக்கிக் கசக்கி அழுதுகொண்டே வந்தான்.

எட்டயபுரம் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. சுற்றிலும் கரிசல் காடு. ஜாபர் தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அரை மைல் தள்ளியிருந்த ஊருணிக்குப் போய்த் திரும்பினான். ராஜமணி மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பெட்டியும் இல்லை, ஏறியவனும் இல்லை. காரின் ஜாக்கிக் கம்பியில் ரத்தம். அப்படி ஒருவனைப் பார்த்ததாகச் சொல்ல ஜாபரைத் தவிர உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

சுபஹான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பயணம் யாருக்கெல்லாம் தெரியும்? நகை விஷயமாதலால் முதலாளி திங்கட்கிழமை சாயங்காலம் தானே இவர்கள் வீட்டுக்கு வந்து, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிப் போனாராம். வீட்டில் இருந்தது ஜாபர், ரசியா, காரைக் கழுவித் துடைக்கும் அவள் தம்பி முத்து முகம்மது.

மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் பூவனலிங்கம், வந்தவன் வடநாட்டுக் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் என்று நிறுவிக்கொண்டே வந்தார். சுபஹான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்ற பிளஷரின் முன் மூடியைத் திறந்து பத்து நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனார். கம்பிக்குப் பின்னால் ஜாபர் இரண்டு நாளில் பாதியாகியிருந்தான். அத்தானுக்குச் சோற்றுத் தூக்கோடு முத்து முகம்மதுவும் நின்றான்.

"சார், இந்தப் பிள்ள ரெண்டு மணி நேரமா அழுதுக்கிட்டிருக்கா. ஒரு தடவையாவது கையால கண்ணத் தொட்டாளா?" என்றார் சுபஹான்.

இன்ஸ்பெக்டர் ரசியாவைப் பார்த்தார். அவள் அப்போதும் தோளில்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மிளகாயத் தொட்ட கை. எத்தன தடவ கழுவினாலும் காந்தல் லேசுல போகாது. களத்துல பத்து நாள் கெடந்தவன் உள்ளங்கையால கண்ணக் கசக்கினா, உருண்டு பொரண்டு தண்ணி தண்ணின்னு அலறியிருப்பான். வந்தவன் மிளகாயத் தொட்டதே இல்ல."

ஜாபரே கதை கட்டியிருக்கலாமே என்றார் இன்ஸ்பெக்டர்.

"கட்டினவன்னா இந்தத் தப்ப விடமாட்டான். அவன் பொஞ்சாதி தினமும் மிளகாயோட கெடக்கா. அதனாலதான் சொல்லுதேன், அவன் கண்ணால பாத்ததச் சொல்லுதான். பாத்ததுக்கு என்ன அர்த்தம்னு அவனுக்கே இன்னும் புரியல."

பூவனலிங்கம் தொடையைத் தட்டப் போய், ரசியாவின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

சுபஹான் குரலை உயர்த்தாமல் அடுக்கினார். வேஷம் போட்டவன் இந்தக் காருக்கென்றே காத்திருந்தான். வழியில் கார் நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். ரேடியேட்டர் குழாயின் கிளிப்பை யாரோ முன்பே தளர்த்தியிருக்கிறார்கள், திருகாணியில் புதுக் கீறல் இருக்கிறது. கை சுத்தமாக இருந்தவன் தோளில் மிளகாய் நெடி அடிக்கும் துண்டு. அது மிளகாய் புழங்கும் ஏதோ வீட்டிலிருந்து வந்த துண்டு.

"இதுக்கு மேல எங்கிட்ட இருக்கது ஊகந்தான்" என்று நிறுத்திக்கொண்டார்.

ஊகத்தை வைத்துக்கொண்டு ஒருவனை விடவும் முடியாது, ஒருவனைப் பிடிக்கவும் முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். சுவரில் மணி மூன்றே கால். வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

ரசியா தம்பியின் பக்கம் திரும்பினாள். செவ்வாய்க்கிழமை காலையில் மிளகாய் கிள்ள உட்கார்ந்தபோது, மூக்கில் கட்டும் துண்டைக் காணாமல் வீடெல்லாம் தேடினாள். முந்தானையைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் இருமினாள். யார் எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஒருவன், மூடிக்கொண்டால் இன்னொருவன். இந்தப் பாவத்தை ஏன் என் தலையில் கட்டினாய் என்று ஆண்டவனிடம் கேட்டாள். தம்பி அவளையே பார்த்தான். பார்த்துக்கொண்டே தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று.

ஜாபர் யாரையும் பார்க்கவில்லை. வேன் சத்தத்தைக் கேட்டுத் தானாகவே எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"பச்சக் கட்டத் துண்டு என்னுது. திங்கக்கெழம ராத்திரி, கார் தொடைக்கன்னு முத்துதான் எடுத்துட்டுப் போனான்" என்றாள் ரசியா.

சோற்றுத் தூக்கு கீழே விழுந்து குழம்பு தரையில் ஓடியது. முத்து முகம்மது அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடுவதாக மட்டும்தான் பேச்சு, கொலை செய்வான் என்று நினைக்கவில்லை, அத்தான் மேல் பழி விழும் என்றும் நினைக்கவில்லை என்று அழுதான். கூட்டாளியின் ஊரையும் பேரையும் சொன்னான். இன்ஸ்பெக்டர் வேனைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு உடனே ஜீப்பில் ஏறினார்.

ஏட்டு தாளை எடுத்துவைத்து ரசியாவின் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினார். பேர், புருஷன் பேர், தெரு எல்லாம் கேட்டார். குற்றவாளி உனக்கு என்ன வேண்டும் என்றார்.

"எங்கம்மா சாகுத அன்னைக்கு என் இடுப்புல தூக்கி வச்சுட்டுப் போன புள்ள" என்றாள்.

ஏட்டு குனிந்து, தம்பி என்று எழுதிக்கொண்டார்.