மஞ்சள் உருண்டை

காலையில் அந்தக் கறைக்கு மூன்று விரல்தான் இருந்தது. மத்தியானம் மகதலேனா கஞ்சி வடித்துவிட்டு நிமிர்ந்தபோது நான்கு.

கறை இருந்தது ஒரு பழைய பலகையில். செந்தூல் ரயில் ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்குச் சாயம் அடிக்கிறவர்கள், வேலை முடிந்ததும் பிரஷ்ஷில் மிஞ்சியதை அதில்தான் துடைப்பார்கள். பழுப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் பச்சை என்று பத்து வருஷத்துத் துடைப்பு. யாரும் வரையாத ஓவியம். வீட்டுச் சுவரில் கறையான் அரித்த ஓட்டையை அடைக்க, அவள் கணவன் கிரிகரி அதைத் தூக்கிவந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியடித்துவிட்டான். அவனுக்கு அது படகாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிக்கு வாழைப்பூ. மகதலேனாவுக்கு மட்டும், முகமில்லாத ஒருத்தி குனிந்து, இரண்டு கைகளையும் தொட்டில் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

தொட்டிலில் ரோசலின், நாலு மாதப் பிள்ளை. முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை.

"என்னங்க, அதக் கழட்டிருங்க. அவ கை காலியா இருக்கு. எம் புள்ளயத்தான் கேக்குறா."

"மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று கிரிகரி சிரித்தான். ஆனாலும் பெண்டாட்டி அழுதால் தாங்காத மனுஷன். மறுநாள் டப்பாவில் கொஞ்சம் மஞ்சள் சாயம் கொண்டுவந்து, அந்தக் கைகளுக்கு நடுவே பிள்ளை அளவுக்கு ஓர் உருண்டை தீட்டினான்.

"இந்தா, நெறச்சிட்டேன். இனி யாரயும் கேக்க மாட்டா."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு வாரம் போயிற்று. ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது அடித்த அடியில் வேறெதுவும் காதில் விழவில்லை. கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடிவந்தவளுக்கு, முதலில் மூக்கில் ஏறியது சாயம் கரைக்கிற டர்ப்பன்டைன் வாடை. காய்ந்துபோன சாயத்தில் ஏது வாடை?

பலகையைப் பார்த்தாள். மஞ்சளைக் காணோம். கைகளையும் காணோம். பலகையில் இருந்தவள் திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள்.

தொட்டில் ஆடியது. கனமாக.

"மாதாவே," என்றாள். பிள்ளை இருக்கிறது. தொட்டிலுக்குள் கையை விட்டாள். ஈரம். பிசுபிசுப்பு. துணியை விலக்கினாள்.

மஞ்சளாக, உருண்டையாக, முகமில்லாமல் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மழை விட்டது. அப்போதுதான் ரோசலினின் அழுகை கேட்டது. பலகைக்குள்ளிருந்து. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது.