தண்ணி போகல

குழாய் வேலைக்காரரின் மனைவி நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

"என் கொழுந்தன்தான் சார். வியாழக்கிழமை காலையில அவன் கொடுத்த டீயைக் குடிச்சாரு. ஒரு மணி நேரத்துல மூச்சு முட்டுது, நெஞ்சு தாறுமாறா அடிக்குது, என்னையே யாருன்னு கேக்குறாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். இப்ப சிறுநீரகமும் போச்சாம், மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. அண்ணனும் தம்பியும் தொழில்ல கூட்டு. போன மாசம்தான் பெரிய சண்டை. நாளைக்கு அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப்போறேன்."

சைரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. விஷம் என்ற நினைப்பே அவருக்குக் கை பரபரக்கப் போதுமானது. எதிரே, ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்த்தே தலை நரைத்த நிதானம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் ஊர் வைத்த பெயர்தான். புரியாத சிக்கல் என்றால் ஊரார் இவர் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

"நுரையீரல், இதயம், மூளை, சிறுநீரகம். நாலு இடத்துல அடி! லேசுப்பட்ட விஷம் இல்லண்ணே," என்றார் சைரன்.

நிதானம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "புதன்கிழமை எப்படிம்மா இருந்தாரு?"

"வேலைக்குக் கிளம்பினாரு. செருப்பு கால்ல ஏறலன்னு வாரைக் கத்தியால அறுத்துட்டாரு. நல்ல செருப்பு சார்!"

"அதுக்கு முன்னாடி?"

"சனி, ஞாயிறு வாந்தியும் பேதியும். முதுகுவலி வேற. என் மூட்டுவலி மாத்திரையை வேளைக்கு ரெண்டா கொடுத்து நான்தான் நடமாட வச்சேன். வாந்தி நின்னதும் சொம்பு சொம்பா தண்ணி கொடுத்தேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அவரு ஏதாவது சொன்னாரா?"

"தொழில் பேச்சுதான். 'ரெண்டு நாளா தண்ணி போகல'ன்னாரு. எந்த வீட்டுலன்னு கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டாரு."

நிதானம் எழுந்தார். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் பெஞ்சில் கொழுந்தன் நான்கு நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தான். அண்ணியைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினான். நிதானம் அவனையும் பக்கத்தில் அழைத்தார்.

"அம்மா, 'சிறுநீரகமும்'னு சொன்னீங்க. அந்த 'உம்'தான் தப்பு. அது கடைசியா விழல. அதுதான் முதல்ல விழுந்துச்சு. மத்ததையும் இழுத்துக்கிட்டு விழுந்துச்சு. வெளியே போக வேண்டிய நீர் உள்ளேயே தங்கிடுச்சு. கால்ல இறங்கினப்ப செருப்பு பத்தல. நுரையீரல்ல கோத்தப்ப மூச்சு முட்டுச்சு. நீரோட கழிய வேண்டிய உப்பு ரத்தத்துல ஏறினா இதயம் தாளம் தப்பும். கழிவு தேங்கினா மூளை குழம்பும், கட்டினவளையே அடையாளம் தெரியாது. கால் வீங்கினது புதன்கிழமை. டீ குடிச்சது வியாழக்கிழமை."

சைரன் வாய் பிளந்தார். "அப்ப அந்தத் தண்ணி..."

"எந்த வீட்டுத் தண்ணியும் இல்ல. ஒண்ணுக்குப் போகலன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லக் கூச்சம். தெரிஞ்ச தொழில் பாஷையில சொல்லிட்டாரு."

கொழுந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப சிறுநீரகத்தைக் கெடுத்தது யாரு சார்?"

சைரனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளெல்லாம் தெருவை அலற வைத்த மனிதர், இந்த ஒரு தடவை நிதானம் வாயைத் திறக்காமல் இருந்தால் தேவலை என்று தவித்தார்.

"வாந்திபேதியில உடம்பு வத்திக்கிடக்கும்போது அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாதும்மா. மாத்திரை கொடுத்ததை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

அவள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். பத்தில் இரண்டுதான் மிச்சம். "யாரும் கேக்கல. நானும்... அப்ப நான்தானா?"

"தெரியாம செஞ்சது," என்றார் நிதானம். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் விரல்களைப் பிரித்து அட்டையை வாங்கி உள்ளே ஓடினான். ஓட்டமாகவே திரும்பி வந்தான்.

"டாக்டர்கிட்ட கொடுத்துட்டேன். அண்ணி, தண்ணி போகுது. கொஞ்சம்தான், கட்டில்ல குழாயோட தொங்குற பையோட அடியில தெரியுது. ஆபத்து இன்னும் தாண்டலயாம். ஆனா போகுது."

இந்த முறை அவள் எந்த வீட்டில் என்று கேட்கவில்லை. சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிடக் கொழுந்தன் கை நீட்டினான். அதைப் பிடிக்க அவளுக்குக் கை வரவில்லை.