நீலப் புள்ளி நிற்கும் வீடு

நீலப் புள்ளி நகரவே இல்லை. வாடிக்கையாளரின் போனைக் கையில் தூக்கிக்கொண்டு கடை வாசல்வரை நடந்து பார்த்தாள், கீழ்த்தளத்திலிருந்து படியேறி ஈரக்காற்று முகத்தில் படும்வரை போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தாள். மேப்பில் அது ஊரின் மறுகோடியில், ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீட்டின் மேல் பிடித்த பிடியாக உட்கார்ந்திருந்தது.

கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் போன் டாக்டர். கைவிட்டு விடவும் மனம் வரவில்லை. லொகேஷனை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஏரோப்ளேன் மோடுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தாள். மேப்பில் சேர்ந்திருந்த பழைய தகவல்களை எல்லாம் துடைத்தாள். திசைகாட்டி சரியாவதற்காகப் போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றினாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இருந்திருந்தால், டாக்டரம்மா மந்திரம் போடுகிறார் என்று வழக்கம்போலக் கிண்டல் செய்திருப்பார்கள். விடுமுறை நாள் என்பதால் கீழ்த்தளத்தில் மற்ற கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. பின்மூடியைக் கழற்றி ஆன்டெனாவையும் துடைத்து மாட்டினாள். ஒன்றும் ஆகவில்லை.

போனைக் கொண்டுவந்த ஒல்லி மனிதர் உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேசையை விட்டுத் தள்ளியே நின்றுகொண்டிருந்தார்.

"இது யாரோட போன் சார்?"

"எங்க அக்காவோடது."

"அவங்க வரலையா?"

அவர் மேப்பில் இருந்த வீட்டைக் கண்ணால் காட்டினார். "அங்கதான் இருக்கறதா காட்டுது. இந்தப் போன் ரோட்டோரமா கிடைச்சுது. அவங்கதான் கிடைக்கல. அவங்களைத் தேடிப் போன அவங்க வீட்டுக்காரர், எங்க மாமாவோட புள்ளியும் இப்ப அங்கதான் நிக்குது. கதவை உடைச்சுப் பார்த்தாச்சும்மா. காலி வீடு."

அவளுக்குப் பாவமாக இருந்தது.

"அக்கா போனதுலேர்ந்து இது என் அக்கவுண்ட்லதான் ஓடுது," என்றார் அவர். "இப்ப என் போன்லயும் நான் அங்க இருக்கறதாக் காட்டுது. வேற அக்கவுண்ட் போட்டுப் பார்ப்பீங்கன்னு சொன்னாங்க."

அது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கோளாறு போனிலா, அக்கவுண்டிலா என்று தெரியாதபோது வேறு அக்கவுண்டைப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கென்றே கடையில் ஒரு சோதனை அக்கவுண்ட் உண்டு. அதன் பாஸ்வேர்டை அவள் போன வாரம் மாற்றி, மாற்றிய கையோடு மறந்தும் தொலைத்திருந்தாள். ஒரு நிமிடம்தானே என்று தன்னுடைய அக்கவுண்டையே போட்டாள்.

புள்ளி ஒருமுறை அணைந்து எரிந்தது. அதே வீடு.

"போன்லதான் சார் கோளாறு," என்றாள்.

அவர் தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மேப்பைத் திறந்தார். அவருடைய புள்ளி சரியாக இந்தக் கடையின் மேல் வந்து நின்றிருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருங்கம்மா. மன்னிச்சுக்குங்க," என்றவர், அக்காவின் போனைத் தொடக்கூடச் செய்யாமல் படிகளில் ஏறி ஓடினார். கிறுக்குப் பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டு, தன் அக்கவுண்டை அதிலிருந்து எடுத்துவிட்டுப் போனை மேசை டிராயரில் போட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. படிவழியே தண்ணீர் தெறித்து உள்ளே வந்ததால் ஷட்டரை இறக்கும் பொத்தானை அழுத்தினாள். ஷட்டர் தரையைத் தொட்டதும் மின்சாரம் போயிற்று. கையால் தூக்கும் சங்கிலியோ வெளிப்பக்கம் இருந்தது. அதை அப்படிப் பொருத்திய புண்ணியவானைக் கடை மாறி வந்த நாளிலிருந்து அவள் திட்டாத திட்டு இல்லை. போனில் சிக்னல் ஒற்றைக் கோடாக வருவதும் போவதுமாக இருந்தது. கணவனை அழைத்தாள்.

"என்னங்க, ஷட்டர் மாட்டிக்கிச்சு. நான் உள்ள இருக்கேன். வந்து சங்கிலியை இழுத்து விடுங்க."

"சரி, பதறாத. நானும் வாலும் வெளியதான் இருக்கோம். உன் லொகேஷன் வருதுல்ல? பார்த்து வந்துடறோம்."

வால் என்பது அவர்களுடைய மகள். வைத்த பெயரை வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. இந்தப் புதுக் கடைக்குக் கணவன் இன்னும் வந்ததில்லை, வழியும் கேட்கவில்லை. மேப் சொல்லாமல் பக்கத்து அறைக்குக்கூடப் போகமாட்டான் என்று அவள் அவனைக் கேலி செய்வது வழக்கம்.

காத்திருந்தாள். ஈரச் சிமெண்டின் வாடையும், உருகி ஆறிய ஈயத்தின் வாடையும், அடைத்த அறைக்கே உரிய பழைய காற்றும் சேர்ந்து தொண்டையில் வந்து நின்றன. மழைத்தண்ணீர் ஷட்டரின் அடியில் விரல் நுழைத்துத் தேடுவதுபோல் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. போன் வெளிச்சத்தில் அவள் நிழல் மட்டும் சுவரில் பெரிதாக, அவள் மூச்சு விடுவதற்குக் கொஞ்சம் பின்தங்கி அசைவதாகத் தோன்றியது. வீண் பயம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு, அவர்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க மேப்பைத் திறந்தாள்.

அவளுடைய புள்ளி முட்டுச்சந்தின் கடைசி வீட்டில் இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. லொகேஷனை அணைத்துப் போட்டாள். அதே வீடு. ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்தாள். அதே வீடு. காற்றில் எட்டுப் போட்டாள். அதே வீடு. கணவனின் புள்ளி பாலத்தைக் கடந்து ஊரின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவனோடு வாலும் போய்க்கொண்டிருந்தாள்.

அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள்.

"ஹலோ... மழையில ஒண்ணும் கேக்கல. பாதி தூரம் வந்துட்டோம்..."

"மேப்பைப் பாக்காதீங்க! நான் அங்க இல்ல! கடைத்தெருவுக்கு வாங்க!"

இணைப்பு அறுந்துபோயிருந்தது. எழுதி அனுப்பிய செய்தியும் போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது. லொகேஷன் பகிர்வதை நிறுத்தினாள். அது தானாகவே திரும்ப வந்தது. நிறுத்தினாள். வந்தது.

டிராயரை இழுத்தாள். அக்காவின் போன் வெளிச்சமாகக் கிடந்தது. எடுத்துவிட்ட அக்கவுண்ட் அதில் திரும்ப ஏறியிருந்தது. அவளுடைய பெயர், அவளுடைய படம். பின்மூடியைப் பிய்த்து பேட்டரியை நெம்பி எடுத்துத் தரையில் எறிந்தாள். திரை இருண்டது. செத்துப் போன போனுக்குப் புள்ளி ஏது? தன் போனைப் பார்த்தாள்.

அதே வீடு. கணவனின் புள்ளி அந்தத் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஷட்டரை அடித்தாள். கத்தினாள். இரும்பு அதிர்ந்தது, அவ்வளவுதான். மேலே மழை. யாரும் இல்லை.

போன் ஒலித்தது.

"வந்துட்டோம்மா. இது கடை மாதிரி இல்லையே, வீடு மாதிரில்ல இருக்கு?"

"நான் அங்க இல்லைங்க! வண்டியைத் திருப்புங்க! குழந்தையை இறக்காதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்!"

மழைச் சத்தம் மட்டும். பிறகு அவன் சிரித்தான்.

"என்ன விளையாட்டு இது? அதான் வாசல்லயே நிக்கிறியே."

"அது நான் இல்ல."

"கையாட்டிக்கிட்டே பேசறதைப் பாரு."

"நான் இல்லைங்க! அது நான் இல்ல!"

கார்க் கதவு திறக்கும் சத்தம். தண்ணீரில் சின்னக் கால்கள் ஓடும் சத்தம். "அம்மா!"

"வாலு! போகாத! வாலு!"

அவள் கத்தல் அவர்களை எட்டியதா தெரியவில்லை. போனுக்குள் ஒரு குரல் கேட்டது. மிக அருகில். தூங்க வைக்கும்போது மட்டும் அவள் பேசும் குரல்.

"வாடா கண்ணா. நனையாத, உள்ள வா."

அவளுடைய குரல். அவள் வாய் மூடியிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. மழைச் சத்தம் அடங்கிற்று. இணைப்பு மட்டும் இன்னும் இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்தாள், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள். உள்ளே யாரோ நடந்தார்கள். போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. மகளின் மூச்சு கேட்டது.

"அம்மா, அப்பா போன்ல யாரோ அழறாங்க."

"யாருன்னு தெரியலடா," என்றது அவளுடைய குரல். "வச்சுடு."

திரையில் அந்த வீட்டின் மேல் புள்ளிகள் நெருக்கியடித்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவளுடைய படம்.