பிரியாத எண்ணெய்

எண்ணெய்த் தரகர் தணிகாசலத்தின் கடை முன் சைக்கிளைச் சாய்த்த சோப்புக்காரர் ரிஷபதாஸ் நயினாருக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

"என் பீப்பாயைக் கெடுத்துட்டாம்பா என் வேலையாள் அர்ஜுனன். எதிராளி சோப்புக்காரன் கண்ணாயிரத்துக்காகக் கொட்டையை மாத்திட்டான். இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடப் போறேன்."

பக்கத்தில் நின்ற தர்மனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. துப்பு என்றால் தறியை நிறுத்திவிட்டு வருகிற நெசவாளி அவன்.

மிருகக் கொழுப்பு கலவாத சோப்புக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் கிராக்கி. பச்சை ஆமணக்குக் கொட்டையை அரைத்து, புளித்த நீரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்து இலுப்பை எண்ணெயில் கலந்தால், கொட்டையிலுள்ள நொதி ஒரே இரவில் கொழுப்பமிலத்தைப் பிரித்துவிடும். அதில் சோடா உப்பைப் போட்டால் பொங்கி நுரைத்துச் சோப்பாகும். நயினாருக்கு நாலு முறை பலித்த வித்தை, ஐந்தாம் முறை பலிக்கவில்லை.

மூவரும் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனார்கள். சமணரான நயினார் வீட்டு வழக்கப்படி வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீர் வந்தது. தர்மன் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

கொட்டகையில் அர்ஜுனன் தலைகுனிந்து நின்றான். "அரைச்சுக் குடுத்துட்டு நான் நேத்து சாயங்காலமே போயிட்டேங்க. துரோகின்னு பேர் வந்தா, எந்த ஆலையில என்னைச் சேர்ப்பாங்க?"

தணிகாசலம் மீதிக் கொட்டைகளில் ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே பால்வெள்ளை, வறுபட்ட நிறமே இல்லை. பிறகு குனிந்து பீப்பாயின் அடியைத் தடவினார். மூட்டில் பூசிய மெழுகு கீழே வழிந்து உறைந்திருந்தது.

"மூட்டு ஒழுகியிருக்கு!" என்றான் தர்மன்.

"ஒழுகினது மெழுகு மட்டும்தாம்பா. பலகை காஞ்சிருக்குது பார். நயினாரே, தண்ணி ஊத்தினது யாரு?"

"நான்தான். மொதல்ல தண்ணி, அப்புறம் விழுது, கடைசியா எண்ணெய்."

"நேத்து சதுர்த்தசி. உங்களுக்கு விரதம்."

"ஆமா. பொழுது சாயறதுக்குள்ள ஒரு வேளை சாப்பாடு. விரத நாள்ல பச்சைத் தண்ணியைத் தொடமாட்டேன், காய்ச்சினதுதான்."

"ஆற நேரமிருந்துதா?"

"இல்லப்பா. சாப்பாட்டுக்குப் பொழுது போயிடும்னு சூடாவே ஊத்திட்டேன்."

"கொட்டை நல்ல பச்சைக் கொட்டை, அதனால மாத்தல. மெழுகை உருக்குற சூட்டை நொதி தாங்காது. தண்ணியில உயிர் பெருகக்கூடாதுன்னு இரங்கித்தான் காய்ச்சினீங்க. அந்தச் சூட்டுல நொதி போச்சு, பழி இவன் தலையில விழுந்துச்சு."

தெருவில் கூட்டம் கூடியிருந்தது. காலையில் நயினார் அர்ஜுனனைத் திட்டியதும் அதே தெருவில்தான். நயினார் வெளியே போய் நின்று உரக்கச் சொன்னார்: "தப்பு என்னுது. அர்ஜுனன் சுத்தமானவன்."

மறுநாள் புதிய பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி எடுத்து டம்ளரில் விட்டுச் சோடா உப்பு தூவினார்கள். டம்ளர் வழியப் பொங்கியது. பெரிய ஆலைக்காரன் புகைவிடும் கொதிகலன் வைத்துச் செய்வதை ஒரு கைப்பிடிக் கொட்டை செய்துவிட்டது.

அர்ஜுனன் நிமிர்ந்தான். "இனிமே தண்ணி நான்தான் ஊத்துவேன், நயினாரே. நீங்க பீப்பாய் கிட்டயே வரக்கூடாது."

முதலாளி இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.