நாலு விரல் தண்ணீர்

நாற்பத்தேழாயிரத்து அறுநூறு. நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டிய கூலியில் வீட்டுக்காரர் வைத்த பாக்கி அது. ரசமட்டத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார்.

ரசமட்டம் என்பது கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பேர். எந்த இடத்துக்குப் போனாலும் பையிலிருந்து மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்த பிறகுதான் உட்காருவார். டீக்கடை பெஞ்சில்கூட வைத்துப் பார்த்து, கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அன்று காலை அவரும் அவர் மனைவியும் அந்த வீட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். டைல்ஸ் இடுக்குகளில் பூச்சு அடைப்பது மனைவியின் வேலை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஒரு வருஷமாகிறது. விரலால் தடவித்தான் அடைப்பாள். அப்படியும் ஒரு இடுக்கு பிசகாது. ஆனால் இனி தள்ளிப்போட்டால் பார்வை மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன். அந்தப் பாக்கி வந்தால்தான் வியாழக்கிழமை.

வீட்டின் பின்பக்கம் போய் நின்றார்கள். மரப்பலகைத் தளம், மேலே சாய்ந்த கம்பிகளால் நிழற்பந்தல், தரைக்குக் கீழே இறக்கிக் கட்டிய வட்ட இருக்கை, திறந்தவெளியில் ஒரு கருங்கல் சமையல் மேடை. நடுவில் கருநீலக் கண்ணாடி டைல்ஸ் பதித்த குளம். ஒரு பக்கத்துக் கரை தண்ணீர் மட்டத்துக்கே இருந்ததால், தண்ணீர் அப்படியே ஆகாயத்தில் போய்க் கலப்பது போல் தெரியும்.

"உள்ள ஒரு சோபா, வெளியில ஒரு சோபா. உள்ள ஒரு அடுப்பு, வெளியில ஒரு அடுப்பு" என்றாள் மனைவி. "இவ்வளவும் கட்டிட்டு மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டு ஏசியில உட்கார்ந்திருக்காரு."

"மெதுவாப் பேசு. காது கேக்கும்."

"கேக்கட்டுமே. பாக்கி கேட்டா மட்டும்தான் அவருக்குக் காது கேக்கிறதில்ல."

வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினார். "குளம் ஒழுகுதுய்யா. தினம் நாலு விரல் தண்ணி இறங்குது. உன் வேலை சரியில்ல. ஒழுகலை நிறுத்து, பணத்தை வாங்கிக்க."

கதவு சாத்திக்கொண்டது.

ரசமட்டத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒட்டிய குளம் எதுவும் ஒழுகியதில்லை. பணம் கொடுக்க மனசில்லாத மனுஷன் ராத்திரியில் தானே குழாயைத் திறந்துவிடுகிறார் என்றுதான் நினைத்தார். அதனால் கையோடு ரப்பர் அடைப்பான்கள் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் உள்ளே வரும் வாய், வெளியே போகும் வாய், அடித்தரைச் சல்லடை எல்லாவற்றையும் இறங்கி இறுக அடைத்தார். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் இரண்டாவது படியில் வைத்தார். வாளியில் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. வெயில் குடித்தால் இரண்டிலும் ஒரே அளவு குடிக்கும். குளத்தில் மட்டும் இறங்கினால் வேறு யாரோ குடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

பம்பு அறைச் சாவியையும் வாங்கித் தன் மடியில் முடிந்துகொண்டார். திரும்பும்போது அந்த அறைக் கதவோரம் ஒரு கடப்பாரை சாய்ந்து நின்றதைப் பார்த்தார். கைப்பிடிப் பக்கம் சிவப்புத் துணி சுற்றிய கடப்பாரை.

அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். பள்ளம் தோண்டியவனுடையது. அவனுக்குப் பேரே கடப்பாரைதான். அளவெடுக்க வந்த நாளில், "அக்கா, நான் தோண்டுற வேகத்துக்கு அந்தப் பக்கம் வேற நாடே வந்துரும், பாஸ்போர்ட் எடுத்து வைங்க" என்று அவர் மனைவியைச் சிரிக்க வைத்தவன். அடுத்த வாரம் வந்தபோது அவன் இல்லை. பள்ளத்தின் அடியில் கான்கிரீட் தரை போட்டு முடிந்திருந்தது. "மழை வரும்னு அவசரமாப் போட்டோம். அவன் அட்வான்ஸை வாங்கிட்டு ஓடிட்டான்" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

அந்தக் கடப்பாரை அங்கே நிற்பதை மனைவியிடம் சொன்னார். மத்தியானம் வரை இருவரும் நிழற்பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று இல்லை. பறவைச் சத்தம் இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடந்தது.

இரண்டு மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தார். வாளியில் தண்ணீர் கோட்டை ஒட்டியே நின்றது. குளத்தில் கோட்டுக்குக் கீழே ஈரமான டைல்ஸ் தெரிந்தது.

விரல் வைத்து அளந்தார். நாலு விரல். ஒரு நாள் அளவு அரை நாளிலேயே இறங்கியிருந்தது.

அடைப்பான் ஒன்றுகூட நகரவில்லை. சாவி மடியில் இருந்தது. வீட்டுக்காரர் வெளியே வரவேயில்லை.

அவர் ஊசிக் குழலில் சிவப்பு மை ஏற்றிக்கொண்டு குளத்தில் இறங்கினார். ஒழுகும் இடுக்கின் பக்கத்தில் மையை விட்டால் அது நூல் போல் உள்ளே இழுபடும். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். சுவரெல்லாம் பார்த்தாயிற்று. மை அங்கங்கே மிதந்து கரைந்தது. கடைசியாகத் தோள் ஆழமுள்ள மூலைக்குப் போனார். மூச்சைப் பிடித்து முங்கி, அடித்தரையில் மையை விட்டார்.

இரண்டு டைல்ஸுக்கு நடுவே மை உள்ளே போனது.

கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

மை வெளியே வந்தது.

மறுபடி உள்ளே போனது. நிதானமாக, அவசரமில்லாமல், வெளியே வந்தது. உள்ளே. வெளியே.

அவர் மேலே எழும்பி மூச்சு வாங்கினார். மண் வாசனை அடித்தது. குளோரின் வாசனை அல்ல, புதிதாகத் தோண்டிய பள்ளத்தின் வாசனை.

படியில் கால் நனைத்து உட்கார்ந்திருந்த மனைவி தணிந்த குரலில் கேட்டாள். "உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?"

"யாருமில்ல."

"வெள்ளையா ஏதோ தெரியுதே."

"உன் கண்ணு அப்படி."

சொல்லிவிட்டாரே தவிர, அவர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. டைல்ஸ் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். பிடிக்காத டைல்ஸ் டொக்கென்று வெற்றுச் சத்தம் போடும். இடுப்பில் செருகியிருந்த பூச்சுக் கரணையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி முங்கினார். பிடியால் மூன்று தட்டுத் தட்டினார்.

டொக். டொக். டொக்.

கையை எடுத்தார்.

கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது.

இந்தத் தடவை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

கீழேயும் ஒன்று.

எப்படிக் கரையேறினார் என்று அவருக்கே நினைவில்லை. பலகைத் தளத்தில் முட்டி போட்டு இருமிக்கொண்டிருந்தவரின் முதுகை மனைவி தடவிவிட்டாள்.  தட்டியதும் திரும்பி வந்ததும் தண்ணீரில் இருந்த அவள் பாதத்துக்கே தெரிந்திருந்தது.

கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள்.

"ஓட்டை தெரிஞ்சுதா?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரிஞ்சுது அய்யா. நாலு டைல்ஸை எடுத்துட்டுத் தரையை உடைச்சுப் பார்க்கணும்."

"எந்த இடம்?"

"ஆழமான மூலை."

வீட்டுக்காரர் முகம் வெளிறியது. ஒரு டைல்ஸுக்கு ஒன்பது தடவை பேரம் பேசிய மனுஷன். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். பணக்கட்டோடு வந்து ரசமட்டத்தின் ஈரக் கையில் திணித்தார்.

"உடைக்கிற பேச்சே வேண்டாம். ஒழுகினா ஒழுகட்டும். சரியா இருக்கு, எண்ணிப் பாத்துக்க. இனிமே இந்தப் பக்கம் வராதே."

மனைவிதான் கேட்டாள். "கடப்பாரைத் தம்பி எங்கய்யா?"

"அவன் ஓடிப்போயிட்டான்னு சொன்னேனே."

"ஓடுறவன் சோறு போடுற கடப்பாரையை விட்டுட்டா ஓடுவான்?"

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு இன்னொரு தாழ்ப்பாள்.

தெருமுனை வரை இருவரும் வேகமாக நடந்தார்கள். அங்கே மனைவி நின்றாள். "ஏங்க, போலீஸ்ல சொல்லணும்."

"சொன்னா இந்தப் பணம் என்னாகும்? இது எதுக்குக் குடுத்த பணம்னு கேப்பான். பிடுங்கி வச்சிப்பான். அப்புறம் உன் வியாழக்கிழமை?"

"அந்தப் பையன் என்னை அக்கான்னு கூப்பிட்டவன்."

"உன் கண்ணு முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் அந்த வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பணத்தை உள்சட்டையில் வைத்திருந்தார். வீடு போய்ச் சேரும் வரை நெஞ்சில் ஈரம் காயவில்லை. எல்லாம் குளத்துத் தண்ணீர்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை நர்ஸ் கட்டைப் பிரித்தாள்.

"இது எத்தனை விரல்மா?"

"மூணு. உங்க மோதிரத்துல ஒரு கல்லு விழுந்திருக்கு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே போனாள். மனைவி கணவனைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் முழுசாகப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா, தலை பூரா நரைச்சுப் போச்சே. சொல்லவேயில்ல?"

அவரும் சிரித்தார். ஆனால் அவள் பார்வை அவர் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சிரிப்பு அப்படியே அடங்கியது.

"என்னம்மா?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. வாங்க, முதல்ல காசு கட்டிட்டுப் போயிரலாம்."

நடைவழி முழுக்க அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவைகூடப் பக்கத்தில் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, கேட்கக் கூடாது போலவும் இருந்தது.

கணக்கு மேஜையில் இருந்த அம்மா நோட்டுகளை எண்ணினாள். பாதியில் நிறுத்தி, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி எண்ணி முடித்தாள். ரசீதில் முத்திரை குத்தி நீட்டினாள்.

"அவ்வளவுதான், பாக்கி ஒண்ணுமில்ல" என்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "நீங்க மூணு பேரும் கிளம்பலாம்."